சமையல் மேடைக்கு எதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் எந்தக் கிரானைட் கடைக்குள் நுழைந்தாலும் நடப்பது ஒன்றுதான். முன்னால் வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்தில் மேஸ்திரி, இரண்டடி பின்னால் வீட்டம்மா. இரும்புச் சட்டத்தில் வரிசையாகச் சாய்த்து நிறுத்திய ஸ்லாப்புகள், எல்லாவற்றின் மேலும் தூசி. கடைப் பையன் ட்யூபைப் பிடித்து ஒரு ஸ்லாப் மேல் தண்ணீரை அடிப்பான். அவ்வளவுதான், செத்துக் கிடந்த கல் சட்டென்று உயிர் பெறும். கறுப்பு இன்னும் கறுப்பாகும், சிவப்பு இன்னும் சிவப்பாகும். "இது எப்படி இருக்கு சார்?" என்பான். சார் அந்தக் கல்லில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சாய்ப்பார். பிறகு கலர் பற்றி ஒரு மணி நேரம், சதுர அடி விலை பற்றி ஒரு மணி நேரம், லோடு ஏற்றுக்கூலி பற்றி ஒரு சண்டை. மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பாலிஷ் போட்டதுதான் கிரானைட், கிரானைட் என்றாலே பாலிஷ்.

இதில்தான் தப்பு இருக்கிறது. கல்லின் நிறம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. மேற்பரப்பு அந்த மேடையில் நின்று தினம் மூன்று வேளை வேலை செய்கிறவருக்கு. முதல் விஷயத்துக்கு அரை நாள் செலவழித்து இரண்டாவதைக் கடைக்காரர் கையில் விட்டுவிட்டு வருவதை "செலக்ஷன்" என்று சொல்வது ரொம்ப அநியாயம்.

முதலில் இந்தப் பாலிஷ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அது ஏதோ மேலே பூசிய பூச்சு என்றே நினைக்கிறார்கள். "நாலு வருஷத்தில் பாலிஷ் போயிடுச்சு" என்று புலம்புவதும் அதனால்தான். கிரானைட் பாலிஷ் பூச்சு அல்ல, அது கல்லேதான். அறுத்து வந்த ஸ்லாப்பை நீளமான மெஷினுக்குள் அனுப்பி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முதலில் கொரகொரப்பான தேய்ப்புக் கல், அடுத்து கொஞ்சம் நைஸ், அதற்கடுத்து இன்னும் நைஸ் என்று படிப்படியாகத் தேய்ப்பார்கள். 60, 120, 220, 400, 800 என்று எண் ஏற ஏற கீறல் சிறிதாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, வெளிச்சம் நாலாபுறமும் சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்பி வரும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். அந்த ஓட்டத்தைப் பாதியில், ஏறக்குறைய 400-ல், நிறுத்திவிட்டால் கிடைப்பது ஹோன்டு ஃபினிஷ்: வழவழப்பாக இருக்கும், மினுக்காது.

கடைப் பையன் தண்ணீர் அடிக்கும் ரகசியமும் இதே கணக்குத்தான். தூசியைக் கழுவுவது பாதி வேலை. கல்லின் நுண்ணிய மேடு பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிச் சமமாக்கும்போது, சிதறும் வெளிச்சம் குறைந்து உள்நிறம் தெரிகிறது. இதுதான் மீதிப் பாதி. ஒரு வகையில் பாலிஷ் என்பது கல்லை எப்போதும் நனைந்தே இருப்பது போலக் காட்டும் ஏற்பாடு. இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும்: அதே கறுப்புக் கல்லை ஹோன்டு செய்தால் அது ஏன் சாம்பல் நிறமாகி விடுகிறது என்று. கல் மாறவில்லை, வெளிச்சம் சிதறுவது மாறியிருக்கிறது.

இதெல்லாம் புதுசா என்றால், இல்லை. கல்லின் முகத்தை வேலைக்குத் தகுந்தபடி மாற்றுவதைத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் அதே வகைக் கருங்கல்தான். அரைத்து அரைத்து அவை வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்காகவே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு "அம்மி கொத்தணுமா" என்று தெருத்தெருவாகக் கூவி வந்தவர்கள் இருந்தார்கள். காசு கொடுத்துக் கல்லைச் சொரசொரப்பாக்கிக்கொண்ட சமூகம் இது! அம்மிக்குக் கொத்து, கோயில் தூணுக்கு ஒரு நேர்த்தி, நடக்கிற பிரகாரத்துக்கு வேறொரு நேர்த்தி, கருவறை மூர்த்திக்கு எண்ணெய் ஏறி ஏறி வந்த மினுமினுப்பு. இவ்வளவு தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சமையல் மேடை, படிக்கட்டு, வாசல், குளியலறைத் தரை என்று எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி பாலிஷைக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். படிக்கட்டில் போட்டு, மழை நாளில் பாட்டி வழுக்கி விழுந்த பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு அதே படியில் கோடு கோடாக வெட்டிக்கொள்கிறார்கள். பாலிஷுக்கும் காசு, பாலிஷைக் கெடுப்பதற்கும் காசு.

பாலிஷ் என்பதே மோசம் என்று சொல்ல வரவில்லை. கருங்கல்லில் கண்ணாடி பாலிஷ் இந்தியாவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருடப் பழக்கம். பீகாரில் கயாவுக்கு வடக்கே பராபர் மலைக் குகைகளின் உட்சுவர்கள் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தேய்த்தவை. அசோகர் காலத்தில் ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுக்கப்பட்டவை. அந்தக் கிரானைட் சுவர் இன்றும் மினுக்குகிறது. இந்தக் காலத்துக்கு வந்தால், வாஷிங்டனில் 1982-ல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவர். வடிவமைத்தவர் மாயா லின். 1981-ல் போட்டியில் ஜெயித்தபோது யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21. (வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் கவனிக்கவும்.) கல் போனது பெங்களூர்ப் பக்கத்திலிருந்து. செத்துப்போன 58,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் படிக்கிறவர், அந்தப் பெயர்களுக்கு நடுவே தன் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே திட்டம். அதற்குக் கண்ணாடி பாலிஷைத் தவிர வேறு எதுவும் உதவாது. ஏன் பாலிஷ் என்று கேட்டால் அந்தச் சுவரிடம் பதில் இருக்கிறது.

சமையல் மேடையிடம் என்ன பதில் இருக்கிறது? வெங்காயம் நறுக்கும்போது தன் முகத்தைப் பார்த்து அழுவதற்கா?

மேடையில் தினமும் நடப்பது என்ன என்று கொஞ்சம் யோசித்தால் போதும். முதல் எதிரி தண்ணீர். போர் தண்ணீர் புழங்கும் வீடுகள்தான் பெரும்பான்மை. அதில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும், சிந்திய ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையமாக உட்காரும். பாத்திரம் கவிழ்த்து வைக்கும் இடத்திலும் குழாயடியிலும் மாதக்கணக்கில் அது ஏறிக்கொண்டே போகும். வெள்ளைப் படிவம் பளிச்சென்று தெரிவதற்கு உலகத்திலேயே மிகப் பொருத்தமான பின்னணி எது என்று ஒரு போட்டி வைத்தால், கண்ணாடி மாதிரி மினுக்கும் ஜெட் பிளாக் கல்தான் முதல் பரிசு வாங்கும். தமிழ்நாட்டு வீடுகளில் சமையல் மேடைக்கு ஆசையாகத் தேடிப்பிடித்துப் போடுவதும் அதைத்தான்.

பிறகு துடைப்பு ஆரம்பிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் கோடு கோடாகத் தெரியும். சோப்பு போட்டால் அதன் படலம் மங்கலாக நிற்கும். அதையும் எடுக்க உலர்ந்த துணியால் இன்னொரு முறை. "பாலிஷ் போயிடுச்சு" என்று சொல்லும் பாதி வீடுகளில் பாலிஷ் எங்கேயும் போகவில்லை. உப்பும் சோப்பும் எண்ணெயும் சேர்ந்த ஒரு தோல் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் போக்க ஒருநாள் பொறுமை இழந்து கழிவறை ஆசிட்டை எடுத்து ஊற்றுவார்கள். உப்புப் படிவம் போகும், உண்மைதான். கூடவே இணைப்புகளில் வைத்த சிமென்ட் போகும், கல்லுக்குள் சுண்ணாம்புச் சத்து எங்காவது இருந்தால் அந்த இடம் மங்கிப்போகும். துருக்கறை நீக்கி என்று விற்கும் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும், கிரானைட் பாலிஷ் எந்த மூலைக்கு?

மங்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணாடி பாலிஷ் போட்ட கல்லுக்கு இனிமேல் ஒரே திசைதான், கீழே. முழுக்க மினுக்கும் பரப்பில் உள்ளங்கை அளவு இடம் மங்கினாலும் அது மட்டும்தான் கண்ணில் படும். தொழிற்சாலையில் டன் கணக்கில் எடையுள்ள மெஷின் பத்துப் பன்னிரண்டு படிகளில் கொடுத்த பளபளப்பை, வீட்டுக்குள் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே குனிந்து நின்று கைமெஷினால் திரும்பக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. சுற்றியுள்ள இடத்தோடு ஒட்டாமல் திட்டாகத் தெரியும். ஹோன்டு பரப்பில் அதே மங்கல் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே மங்கல்தான். தெரிந்தாலும் லேசாகத் தேய்த்துச் சரிசெய்து கொள்ளலாம்.

வெளிச்சம் இன்னொரு தொந்தரவு. மேடைக்கு மேலே ட்யூப்லைட்டோ எல்இடியோ எரியும். அதன் முழு நீளப் பிம்பம் கல்லில் விழுந்து கண்ணைக் கூசும். கடையில் இது தெரியாது. அங்கே ஸ்லாப் நிற்கிறது, வீட்டில் படுத்திருக்கிறது. நிற்கிற கல்லைப் பார்த்துப் படுக்கிற கல்லை வாங்குவது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று யாருக்கும் உறைப்பதில்லை.

சரி, பாலிஷ் பக்கத்து வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? அவர்களிடம் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதற்கு மரியாதை கொடுத்தே ஆகவேண்டும். பாலிஷ் போட்ட பரப்பு எண்ணெய், மஞ்சள், புளித்தண்ணீர் எதையும் சுலபத்தில் உள்ளே விடாது, ஹோன்டு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும் என்பார்கள். சரிதான். ஆனால் எவ்வளவு கூடுதலாக? கிரானைட்டே அதிகம் குடிக்கிற கல் அல்ல. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் கட்டடக் கிரானைட்டுக்கு வைத்திருக்கும் நீர் உறிஞ்சும் உச்சவரம்பே எடையில் 0.4 சதவீதம்தான். வித்தியாசம் ஃபினிஷைவிடக் கல்லில்தான் அதிகம். நெருக்கமான கறுப்புக் கல் ஹோன்டு செய்தாலும் எதையும் குடிக்காது. 'காஷ்மீர் ஒயிட்' பாலிஷ் போட்டாலும் குடிக்கும். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மதுரை மேலூர்ப் பக்கத்துக் கல் அது.) ஐந்து ரூபாய் செலவில்லாமல் இதைச் சோதிக்கலாம். கல்லின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் வைத்து, கால் மணி நேரம் கழித்துத் துடைக்க வேண்டும். அந்த இடம் கறுத்துக் கிடந்தால் குடிக்கிற கல். கறுக்காவிட்டால் பிரச்சினையே இல்லை. குடிக்கிற கல்லுக்கு, அது எந்த ஃபினிஷாக இருந்தாலும், துளைகளுக்குள் இறங்கித் தண்ணீரையும் எண்ணெயையும் தடுக்கும் சீலர் என்ற திரவத்தை அவ்வப்போது தடவ வேண்டும். பாலிஷ் போட்டுவிட்டோம், சீலர் வேண்டாம் என்று வெளிர்நிறக் கல்லை விற்கிறவர், அடுத்த தீபாவளிக்கு அதில் நிற்கப்போகும் எண்ணெய்க் கறையையும் சேர்த்தே விற்கிறார்.

இரண்டாவது வாதம், சப்பாத்தி மாவை நேரே மேடையில் போட்டுத் தேய்க்க பாலிஷ்தான் வசதி என்பது. இதற்கு மறுப்பே இல்லை. தினமும் அப்படித் தேய்க்கிற வீடு பாலிஷே போட்டுக்கொள்ளட்டும், ஆனால் ஜெட் பிளாக்கில் அல்ல. புள்ளி புள்ளியாக, பல நிறம் கலந்த நடுத்தர நிறக் கல்லில் போட்டால் தண்ணீர்த் தடமும் விரல் ரேகையும் அந்தப் புள்ளிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். கூடவே எறும்பும் ஒளிந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் :-)

மூன்றாவது, கடைக்காரர்கள் சொல்லாத, ஆனால் பாலிஷுக்குச் சாதகமான உண்மை ஒன்று. மினுக்கும் பரப்பில் மயிரிழை வெடிப்பும் ரெசின் ஒட்டும் சாய்வெளிச்சத்தில் தெரிந்துவிடும். மற்ற ஃபினிஷ்களில் அது மறைந்துவிடும். இதற்கு மாற்று வழி உண்டு. ஸ்லாப்பை நனைத்துவிட்டு அது காய்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லா இடமும் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அதுதான் வெடிப்பு. தண்ணீரை அடித்து மயக்குகிறார்களே, அதே தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். என்ன, நனைத்ததும் ஆகா என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லாப்புக்கு ஓடாமல் பத்து நிமிடம் நிற்கவேண்டும்.

கடந்த சில வருடங்களாக இந்தப் பளபளப்புக்கு மாற்று என்று ஒரு புது மோகம் கிளம்பியிருக்கிறது: லெதர் ஃபினிஷ். தேய்ப்புத் துகள் பதித்த நைலான் பிரஷ்ஷால் கல்லை உரசுவார்கள். கல்லில் இருக்கும் மெதுவான கனிமம் கொஞ்சம் அதிகமாகத் தேயும், கெட்டியானது மேடாக நிற்கும். தொட்டால் தோல் மாதிரி ஒரு நெளிவு, பார்த்தால் அடக்கமான ஒரு மினுமினுப்பு. ஹோன்டு மாதிரி கறுப்பைச் சாம்பலாக்காது. கையெழுத்து போடுவது போல ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நெளிவு வரும். கறுப்புக் கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உப்புத் தடமும் தெரியாது, விரல் ரேகையும் தெரியாது.

அதற்காக இதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னால் அதுவும் பழைய கதைதான். நெளிவு ஆழமாக இருந்தால் பள்ளத்தில் கோதுமை மாவும் எண்ணெயும் தங்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டிவரும். அடுப்புக்குப் பக்கத்தில் தாளிப்பு தெறிக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நெளிவு மெலிதாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தே வாங்க வேண்டும். ஹோன்டு கறுப்பு இன்னொரு வம்பு. உப்பைக் கொஞ்சம் மறைக்கும், ஆனால் எண்ணெய்க் கையை வைத்தால் ஐந்து விரலும் அச்சு அசலாகப் பதியும். இணையத்தில் வெளிநாட்டுச் சமையலறைப் படங்களைப் பார்த்து ஹோன்டு கறுப்பு கேட்கிறவர்கள், அந்தப் படத்தில் யாரும் வடை சுடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஹோன்டுக்கு ஏற்றவை நடுத்தரச் சாம்பல், பழுப்பு வகைகள். நெருப்பால் சுட்டுப் பொரியவைக்கும் ஃபிளேம்டு ஃபினிஷ் வாசலுக்கும் வெளிப்படிக்கும் மிக நல்லது. அதைச் சமையல் மேடைக்குச் சிபாரிசு செய்கிற ஆளைக் கண்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

ஜெட் பிளாக் மோகத்துக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் உண்டு. கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்பது புவியியல் கணக்கில் கிரானைட்டே அல்ல. பெரும்பாலும் டோலரைட், காப்ரோ என்கிற வகை. அதில் தப்பில்லை, கெட்டியான கல்தான். ஆனால் இயற்கையில் கரிக்கட்டை போல ஒரே சீராகக் கறுத்திருக்கும் கல் கொஞ்சம்தான் கிடைக்கும். மீதி கொஞ்சம் சாம்பல் கலந்திருக்கும். அதைச் சாயம், எண்ணெய், மெழுகு என்று எதையாவது ஏற்றிக் கறுப்பாக்கி விற்பதும் இந்தத் தொழிலில் நடக்கிறது. வெள்ளைத் துணியில் அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கும் திரவம் போதும்) நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் துணி கறுப்பாகிறதா என்று பார்க்கலாம். இதைச் செய்ய விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் பதில் கிடைத்துவிட்டது. சாயம் ஏற்றிய கல்லில் எலுமிச்சை பிழிந்தும் புளி கரைத்தும் துடைக்கத் துடைக்க, வெளுத்த திட்டுகள் வரும். அப்போதும் பழி வீட்டம்மா மேல்தான் விழும், "ஒழுங்கா மெயின்டெயின் பண்ணலை" என்று.

அசல் கோளாறு இந்த வார்த்தையில்தான் இருக்கிறது. மெயின்டெயின் பண்ணுவது யார்? கல் வாங்கப் போன மூன்று பேரில் இரண்டு பேர் அந்த மேடையை ஒருநாளும் துடைக்கப்போவதில்லை. மேஸ்திரிக்குப் பாலிஷ் வசதி, கடையில் எப்போதும் இருப்பது, இன்று சொன்னால் நாளை வந்துவிடும். கடைக்காரருக்கு வசதி, கிரானைட் தொழிற்சாலை ஒரே ஓட்டத்தில் தேய்த்து அனுப்புவதை அப்படியே விற்கலாம். ஹோன்டு கேட்டால் தேய்ப்பு வேலை குறைவுதான், ஆனாலும் ஸ்பெஷல் ஆர்டர் என்று விலை ஏறும் அல்லது "அதெல்லாம் வராது சார்" என்று முடிந்துவிடும். வீட்டுக்காரருக்கும் வசதி. பால் காய்ச்சும் நாளில் வந்தவர்கள் எல்லாம் சமையலறையை எட்டிப்பார்த்து "கண்ணாடி மாதிரி இருக்கே!" என்பார்கள். அந்த ஒருநாள் பாராட்டுக்கு, அடுத்த இருபது வருடம் காலை மதியம் இரவு ஒருவர் ஈரத்துணியும் காய்ந்த துணியுமாக வட்டி கட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்ட ஒரே கேள்வி "உனக்கு கறுப்பு ஓகேவா?" என்பதாக இருந்திருக்கும்.

வேலைக்குப் போய் வந்து அந்த மேடையில் நிற்கிறவர், முழங்கை வலியோடு நிற்கும் வயதான அம்மா, மூன்று வீடு முடித்துவிட்டு நான்காவதாக வரும் வேலைக்கார அக்கா... இவர்களுடைய நேரத்தில் தினம் பத்து நிமிடத்தை ஒரு ஃபினிஷ் தின்கிறது என்றால் அது அழகியல் விஷயம் அல்ல.

இதே அலட்சியத்தின் இன்னொரு முனை, அந்த மேடையைப் போடுகிறவரின் நெஞ்சுக்குள் போகிறது. ஸ்லாப்பின் மேல்முகம்தான் தொழிற்சாலையில் தண்ணீர் ஓட ஓடப் பாலிஷ் ஆகி வருகிறது. ஓரம் அப்படி இல்லை. முன்பக்க விளிம்பை அரைவட்டமாக உருட்டுவது, மோல்டிங் எடுப்பது, சிங்க்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே, கைமெஷினால், தண்ணீர் இல்லாமல் நடக்கும். அந்த நேரம் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: வெள்ளைப் புகைமண்டலம், நடுவில் தலையில் கட்டிய துண்டையே மூக்கிலும் சுற்றிக்கொண்டு ஓர் இளைஞர். ஓரமும் மேல்முகம் மாதிரியே கண்ணாடியாக வரவேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பதால், ஒவ்வொரு நம்பராக மாற்றி மாற்றி அரை நாள் அதே தூசியில் நிற்பார்.

இலக்கணப்படி கிரானைட் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருக்கும். அதாவது சிலிக்கா. (கறுப்புக் கல்லில் இது மிகக் குறைவு. நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டும். சிவப்பு, வெள்ளை, சாம்பல் வகைகளில்தான் ஆபத்து அதிகம்.) கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நைஸ் தூசி நுரையீரலின் கடைசி அறை வரை போய் அங்கே தழும்பாக மாறும். அந்த நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ், அதைத் திருப்பிக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே இதை அறிவிக்க வேண்டிய தொழில்நோய்கள் பட்டியலில் வைத்தது. ஆனால் வீடு தொழிற்சாலை இல்லையே! குவார்ட்ஸ் தூளைப் பசையில் கலந்து செய்யும் செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது, மேடை வெட்டிய தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்ததால். அந்தக் கல்லில் சிலிக்கா 90 சதவீதம் வரைகூட இருக்கும், கிரானைட்டில் அவ்வளவு இல்லை. அதனால் கிரானைட்டை உலர்வாகத் தேய்க்கலாம் என்று அர்த்தமில்லை.

வீட்டுக்காரர் இங்கே ஒன்றும் பெரிய தியாகம் செய்ய வேண்டாம். ஓரவேலை அனைத்தையும் கடையின் பட்டறையிலேயே தண்ணீர் வைத்து முடித்து எடுத்து வரச் சொன்னால் பாதி தீர்ந்தது. வீட்டில் வெட்டியே ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு ஆள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிற்கட்டும், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பில் மெஷினைப் போடட்டும், முகத்துக்கு நல்ல மாஸ்க் ஒன்று கொடுக்கட்டும். முழு அரைவட்டக் கண்ணாடி ஓரத்துக்குப் பதிலாக கூர்மையை மட்டும் மழுக்கிய நேர் ஓரம், மங்கலாக விட்டால், தேய்ப்பு நேரம் நன்றாகவே குறையும். மேல்முகம் லெதரோ ஹோன்டோ என்றால் ஓரம் மட்டும் தனியாக மினுக்கவேண்டிய கட்டாயமும் இல்லாமல் போகிறது. முகம் பார்க்கும் ஆசையைக் குறைத்தால் இன்னொருவர் மூச்சில் கொஞ்சம் மிச்சமாகிறது.

இவ்வளவு படித்துவிட்டும் "அப்போ எதைத்தான் போடறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி. எல்லாக் கிரானைட் கடையின் பின்பக்கமும் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும். சிங்க் ஓட்டை வெட்டி எடுத்தது, ஓரத்தில் மீந்தது என்று. பிடித்த கல்லில் பாலிஷ், லெதர், ஹோன்டு என்று கிடைக்கிற ஃபினிஷ்களில் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். அவற்றை இப்போது குடியிருக்கும் வீட்டின் சமையல் மேடையில், படுக்கவைத்து, ட்யூப்லைட்டுக்கு நேர்கீழே வைக்கவேண்டும். ஒரு வாரம் அதன் மேல்தான் எண்ணெய்க் கரண்டி, அதன் மேல்தான் புளிக்கரைசல் டம்ளர், அதன் மேல்தான் ஈரமான குக்கர் மூடி. இரவில் மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் ஒரு சொட்டு விட்டு காலையில் துடைக்கலாம். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் அந்த ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. எட்டாவது நாள், துடைத்தவர் எந்தத் துண்டைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாரோ அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.